பி.இ.யைப் பாதியில் விட்டுவிட்டு ஜெர்மனிக்குப் போகலாமா?

திருச்சியில் ஜெர்மன் வகுப்பு எடுக்கிறேன். என்னிடம் ஏ1 (ஜெர்மனின் ஆரம்ப நிலை; அடுத்து ஏ2, பி1, பி2, சி1 என்று ஏறும்) சேரும் பிள்ளைகளில் பலர் பி.இ. முதல் வருடமோ இரண்டாம் வருடமோ படிப்பவர்கள். "மிஸ், காலேஜை விட்டுட்டு அங்கேயே போய் பேச்சிலர்ஸ் படிச்சிடலாமா?" என்று சீக்கிரமே கேட்டுவிடுவார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். எல்லாம் அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்களைப் பற்றியது.

முதல் வருடத்தை முடிக்காமல் எழுந்து வராதீர்கள். நம் பிளஸ் 2 மட்டும் இருந்தால் பெரும்பாலும் அங்கே நேரடி இடம் கிடையாது. ஸ்டூடியன்கொலெக் என்ற ஆயத்தப் படிப்பு ஒரு வருடம் படித்துத் தேர்வு எழுத வேண்டும். ஜேஇஇ அட்வான்ஸ்டில் தேறியவர்களுக்குத் தொழில்நுட்பப் படிப்புகளில் விலக்கு உண்டு. மற்றவர்களுக்கு, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் பி.இ. முதல் வருடத்தை ஒழுங்காக முடித்திருந்தால் அதே துறையில் நேரடியாக விண்ணப்பிக்க வழி இருக்கிறது. அரியர் இருந்தால் 'முடித்தேன்' என்று சொல்ல முடியாது. 'அதே துறையில்' என்பதையும் கவனியுங்கள். மெக்கானிக்கல் பிடிக்கவில்லை, அங்கே போய் சைக்காலஜி படிக்கிறேன் என்றால் இந்த வழி உதவாது.

அடுத்தது காலண்டர். அங்கே அக்டோபரில் தொடங்கும் செமஸ்டருக்குக் கடைசி நாள் பெரும்பாலும் ஜூலை 15. நம் இரண்டாம் செமஸ்டர் ரிசல்ட் பல சமயம் அதற்குள் வராது. அதனால் நடைமுறையில் இரண்டாம் வருடக் கடைசியில்தான் கிளம்ப முடியும். அந்த இடைப்பட்ட வருடத்தில் வீட்டில் உட்காராமல் கல்லூரிக்குப் போய்க்கொண்டே ஜெர்மன் படியுங்கள். பேச்சிலர்ஸ் படிப்புகள் அங்கே பெரும்பாலும் ஜெர்மனில்தான் நடக்கின்றன, சி1 அளவு கேட்பார்கள். என் வகுப்பில் ஏ2 வரை எல்லோரும் உற்சாகமாக வருவார்கள், பி1-இல் கூட்டம் பாதியாகிவிடும். எனவே பி1 தேறும்வரை வீட்டில் யாரிடமும் 'விடப் போகிறேன்' என்று பேச்சை எடுக்க வேண்டாம் என்பேன்.

இப்போது வருடக் கணக்கு. இரண்டு வருடம் இங்கே, அப்புறம் அங்கே பேச்சிலர்ஸ் 3 அல்லது 3½ வருடம்: மொத்தம் ஐந்து அல்லது ஐந்தரை, கையில் இளங்கலை. இங்கேயே நான்கை முடித்து அங்கே இரண்டு வருட மாஸ்டர்ஸ் படித்தால் மொத்தம் ஆறு, கையில் முதுகலை. மாஸ்டர்ஸில் ஆங்கில வழிப் படிப்புகளும் நிறைய. இங்கே தேறிய தாள்களை அங்கே கணக்கில் சேர்ப்பார்களா என்பதை அந்தத் துறையின் தேர்வுக் குழுதான் முடிவு செய்யும். ஒன்றையும் சேர்க்க மாட்டார்கள் என்று வைத்தே கணக்குப் போடுங்கள். மூன்றாம் வருடத்தில் கால் வைத்துவிட்ட பிள்ளைகளிடம் நான் தயங்காமல் சொல்வது: முடித்துவிட்டுப் போ தம்பி.

மாஸ்டர்ஸுக்கு மதிப்பெண் பார்ப்பார்கள். அங்கே 1 தான் சிறந்த மதிப்பெண், எண் கூடக் கூட மதிப்பு குறையும். நம் சிஜிபிஏவை அவர்கள் அளவுக்கு மாற்ற ஒரு சூத்திரம் இருக்கிறது: 10-இலிருந்து உங்கள் சிஜிபிஏவைக் கழித்து, 10-க்கும் தேர்ச்சிப் புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1 கூட்டுங்கள். தேர்ச்சிப் புள்ளி 5 என்றால் 7.5 எடுத்தவருக்கு 2.5 வரும். பல படிப்புகளில் அதுதான் எல்லை. 6.5 எடுத்தவருக்கு 3.1, அது கஷ்டம்.

அப்படிப்பட்டவர்களில் ஜெர்மன் நன்றாக வருகிறவருக்கு பேச்சிலர்ஸ் நல்ல வழியாகலாம். அங்கே பல இன்ஜினியரிங் பேச்சிலர்ஸ் படிப்புகளுக்கு மதிப்பெண் கட் ஆஃப் கிடையாது. ஆனால் உள்ளே போனபின் ஒரு தாளைப் பெரும்பாலும் மூன்று முறைதான் எழுதலாம். கட்டாயத் தாளில் மூன்றாவது முறையும் தவறினால் அந்தப் படிப்பை விட்டே வெளியேற வேண்டும். அரியராகச் சேர்த்து வைத்துக் கடைசியில் எழுதும் பழக்கம் அங்கே செல்லாது. இதைக் கேட்டுச் சில பிள்ளைகளின் முகம் மாறும், அந்தப் பயம் நல்லதுதான்.

பணம். பெரும்பாலான மாநிலங்களில் படிப்புக் கட்டணம் இல்லை. பாடன் வூர்ட்டம்பெர்க்கில் நம்மவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் கட்டணம் வாங்குகிறது. விசாவுக்கு முடக்கக் கணக்கில் (மாதம் குறிப்பிட்ட தொகைதான் எடுக்க விடும் வங்கிக் கணக்கு) ஒரு வருடத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும், ஏறக்குறைய 11, 12 லட்சம். அதிலிருந்து மாதம் 992 யூரோ எடுக்கலாம். மருத்துவக் காப்பீட்டுக்கே 140-க்கு மேல் போகும், மீதியில் வாடகை, சாப்பாடு. பகுதி நேர வேலை முதல் வருடத்திலேயே காப்பாற்றும் என்று ஏஜென்ட் சொன்னால் நம்ப வேண்டாம். வருடத்துக்கு 140 முழு நாள்தான் அனுமதி, முதல் வருடம் பாடத்துக்கே நேரம் போதாது. நம்மூர் முதல் பட்டதாரி சலுகையில் படிக்கிறவர்கள் இன்னொன்றையும் வீட்டில் பேசுங்கள். அது ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான், பின்னால் தம்பியோ தங்கையோ இருக்கலாம்.

போவது என்று முடிவானால் வரிசை முக்கியம். முதலில் ஏபிஎஸ் சான்றிதழ் (நம் கல்விச் சான்றுகளை ஜெர்மன் தரப்பு சரிபார்த்துத் தருவது), பிறகு விண்ணப்பம், இடம், விசா. கடைசியாகத்தான் டி.சி. அதுவரை பரீட்சைகளை எழுதிக்கொண்டிருங்கள், விசா மறுக்கப்பட்டால் ஐந்தாம் செமஸ்டர் வகுப்பில் போய் உட்காரலாம். மீதி வருடங்களுக்கான கட்டணத்தையும் கட்டினால்தான் சான்றிதழ் என்று கல்லூரி சொன்னால், அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்ற யுஜிசியின் 2018 அறிவிப்பைக் காட்டி எழுத்தில் கேளுங்கள். எழுதிய எல்லா செமஸ்டர்களுக்கும் டிரான்ஸ்கிரிப்டை இங்கே இருக்கும்போதே வாங்கிவிடுங்கள், கூடுதலாக இரண்டு பிரதிகளோடு.