காலேஜ் முதல் வருஷத்தில் பிள்ளை தடுமாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூலை மாதம் புதுப் பையும் கழுத்தில் ஐடி கார்டுமாகக் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் நின்ற பிள்ளைகளில் சிலரைத் தீபாவளிக்கு அப்புறம் பார்க்க முடிவதில்லை. விசாரித்தால் "அரியர் விழுந்துருச்சு", "வீட்டுல கஷ்டம்" என்று பதில் வரும். பணமில்லாமல் படிப்பை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் நன்றாகப் படிக்கக்கூடிய பிள்ளை, ஃபீஸும் கட்டியாயிற்று, அதுவும் நின்றுவிடுகிறது என்றால் பெரும்பாலும் உள்ளே வேறு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்: நான் இங்கே யார், இந்தப் படிப்பு எனக்கானதுதானா, இவர்களோடு எனக்கு என்ன சம்பந்தம்? இந்தக் கேள்விகளோடு பிள்ளையைத் தனியாக விடுவதில்தான் நாம் நிறையத் தவறு செய்கிறோம்.

பெரிய தவறு, குழப்பத்தைக் கோளாறாகப் பார்ப்பது. தன்னை யாரென்று தேடுவது அந்த வயதின் வேலை என்று உளவியலாளர் எரிக் எரிக்சன் எப்போதோ சொல்லிவிட்டார். அதை வைத்து இன்னொரு உளவியலாளர் ஜேம்ஸ் மார்சியா 1966-ல் இரண்டே கேள்வி கேட்டார்: இந்தப் பிள்ளை தேடிப் பார்த்ததா, ஏதாவது ஒன்றைத் தனக்கென்று பிடித்துக்கொண்டதா? இரண்டுக்கும் ஆம், இல்லை என்று வருகிற பதிலை வைத்து நான்கு நிலைகள் சொன்னார். தேடிக்கொண்டிருக்கிறது, இன்னும் முடிவுக்கு வரவில்லை என்பதும் அவற்றில் ஒன்றுதான், அதில் பயப்பட எதுவும் இல்லை. நாமோ காதுகுத்து வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவனைக்கூட விடாமல் "அப்புறம் தம்பி, என்ன ஆகப்போறே?" என்று கேட்கிறோம். பட்டென்று "இன்ஜினியர் மாமா" என்று சொன்னால் நமக்கு நிம்மதி. தேடாமலே பிடித்துக்கொண்டதும் அந்த நான்கில் ஒன்று என்பதை யோசிப்பதில்லை. அப்பா சொன்னார், மாமா சொன்னார் என்று சேர்ந்த பிள்ளை எல்லாம் சரியாகப் போகிறவரை உறுதியாகத்தான் நிற்கும். கணக்குப் பேப்பரில் முதல் அரியர் விழும்போதுதான், ஏன் இங்கே இருக்க வேண்டும் என்பதற்குத் தன்னிடம் சொந்தக் காரணம் எதுவும் இல்லை என்று அதற்கே தெரியவரும்.

"அந்தக் காலத்துல பெரியவங்க சொன்னதைக் கேட்டு எல்லாரும் நல்லாத்தானே இருந்தாங்க" என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் பெட்டியடிப் பையனாக, அதாவது வட்டிக்கடையில் வேலை பழகும் பையனாகப் போன பிள்ளைகளுக்குப் பாதையை வீடுதான் முடிவு செய்தது, உண்மை. ஆனால் அங்கே முதலாளி நம்மூர்க்காரர், சாப்பாடு நம் சாப்பாடு, பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவனும் தெரிந்த குடும்பத்துப் பையன். இன்று புதுவயலிலிருந்தோ சாக்கோட்டையிலிருந்தோ பஸ் ஏறி முகம் தெரியாதவர்கள் நடுவே போய் உட்காருகிற பிள்ளைக்கு அந்தக் கூட்டம் இல்லை. முடிவை மட்டும் பழைய மாதிரி நாமே எடுத்துவிட்டு, தாங்கிப் பிடிக்க ஆளில்லாமல் அனுப்புவது நியாயமா?

அடுத்தது அந்தப் பிள்ளையே செய்கிற தவறு. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்த பிள்ளையின் கெமிஸ்ட்ரி நோட்டைப் புரட்டிப் பாருங்கள். 'எலக்ட்ரோலைட்', 'ஆக்சிடேஷன்' என்று காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் எழுதி, நடுவில் நாலு வரி காலியாக விட்டிருக்கும். அந்தக் காலி வரிகளில் மேடம் வேகமாகச் சொன்னது போய்விட்டது. இது கொஞ்ச நாளில் சரியாகக்கூடிய சிக்கல். ஆனால் பிள்ளை அதை அப்படி எடுத்துக்கொள்வதில்லை. "இங்கிலீஷ் இன்னும் பிடிபடலை" என்பது ரெண்டு இன்டர்னல் தேர்வுக்குள் "நான் காலேஜுக்கே லாயக்கில்லை" என்று ஆகிவிடுகிறது. முதல் செமஸ்டரில் வருகிற சிரமத்தைத் தன் தகுதிக்கான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

இதற்கு நல்ல ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் என்ற உளவியலாளர்கள் இருவரும் முதல் வருஷ மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்து 2011-ல் வெளியிட்டார்கள். மேல் வகுப்பு மாணவர்களும் முதல் வருஷத்தில் 'நான் இங்கே ஒட்டவில்லையே' என்று கவலைப்பட்டார்கள், போகப் போக அது குறைந்தது என்பதைப் படிக்க வைத்து, அதைத் தங்கள் அனுபவத்தோடு சேர்த்து எழுதச் சொன்னார்கள். மொத்தமே ஒரு மணி நேரம் போல. அதில் கலந்துகொண்ட கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் அடுத்த மூன்று வருஷத்தில் உயர்ந்து, வெள்ளையின மாணவர்களோடு இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது. நம் ஊரில் இதற்குச் செலவே இல்லை. அதே ஊரிலிருந்து வருகிற மூன்றாம் வருஷத்து அக்காவையோ அண்ணனையோ முதல் வாரமே வகுப்புக்குக் கூப்பிட்டு, தான் எப்படித் திணறினேன் என்று பேசச் சொல்லலாம். வரவேற்பு விழாவில் ரேங்க் வாங்கியவர்களை மட்டும் மேடையேற்றினால் எதிர்ப்பலன்தான் கிடைக்கும்.

மணி அடித்ததும் பஸ்ஸுக்கு ஓடுவதும் தவறுதான். பஸ்ஸை விட்டால் வீடு போக முடியாது என்பது தெரியும், அதனால் பிள்ளையைக் குறை சொல்லவில்லை. ஆனால் படிப்போடு ஓர் ஒட்டுதல், அங்கிருக்கும் மனிதர்களோடு ஓர் ஒட்டுதல், இரண்டும் இருந்தால்தான் மாணவர் நிலைப்பார் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் வின்சென்ட் டின்டோ 1975-லேயே எழுதினார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்எஸ்எஸ், நூலகம், ஒரு சின்னப் படிப்புக் குழு என்று ஏதாவது ஒன்றில் ஒட்டிக்கொள்ளலாமே. அதற்காக ஊரையும் வீட்டையும் உதறிவிட்டு வா என்று பொருளில்லை. டின்டோவின் ஆரம்பக் கருத்தில் அந்தச் சாயல் இருந்தது, பின்னால் வந்த ஆய்வாளர்கள் அதைக் கடுமையாக மறுத்தார்கள். வீட்டில் முதல் ஆளாகக் காலேஜுக்கு வரும் பிள்ளைக்கு வீடுதான் பலம். ஊர்ப் பேச்சை மறைத்து, அப்பா மில்லில் வேலை பார்ப்பதை மறைத்து, பொய்யாக ஒரு ஆளாக நடிக்கிற பிள்ளைதான் சீக்கிரம் களைத்துப்போகும்.

புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் அரசுப் பள்ளியில் படித்துக் காலேஜுக்கு வந்த பிள்ளைகளுக்கு மாதம் 1000 ரூபாய் வருகிறது. பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் பெரிய உதவி. பணம் வந்துவிட்டது, இனி அதுவே படித்துக்கொள்ளும் என்று பெற்றோர் இருந்துவிடக் கூடாது. "மார்க் என்ன?" என்பதற்கு முன்னால் "இன்னைக்கு யார் கூடச் சாப்பிட்டே?" என்று கேளுங்கள். தொடர்ந்து ஒரு வாரம் "தனியாத்தான்" என்று பதில் வந்தால் டியூட்டரைப் போய்ப் பாருங்கள்.

கடைசியாக, யாரிடமும் பேசாமல் நின்றுவிடுவது. அரியரை அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம். வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் பரீட்சை எழுதுவதே சிக்கலாகிறது, அதனால் மனசு சரியில்லாத நாளிலும் வகுப்புக்குப் போய் உட்காருவது முக்கியம். பாடமே ஒத்துவரவில்லை என்றால் துறைத்தலைவரிடம் மாற வழி உண்டா என்று கேட்கலாம். வேலைக்குப் போயே ஆக வேண்டும் என்றால் அழகப்பா பல்கலைக்கழகத்தில் தொலைநிலைக் கல்வி இருக்கிறது. இதையெல்லாம் விசாரித்த பிறகு டிசி வாங்குவதா வேண்டாமா என்று யோசிக்கலாம்.