நூடுல்ஸ் கடையில் மீன் கேட்காதீர்கள்: சைனீஸ் உணவகங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேசைத்துணிகூட விரிக்காத சின்ன சைனீஸ் கடை அது. நாங்கள் நான்கு பேர் போயிருந்தோம். சுற்றியிருந்த மேசைகளில் எல்லாரும் ஒரே மாதிரிக் கிண்ணத்தின் மேல் குனிந்து நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். எங்களில் ஒருவர் மட்டும் மெனுவைக் கடைசிப் பக்கம் வரை புரட்டி, ஆவியில் வேகவைத்த முழு மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதையும் சொல்லிவிட்டோம். நூடுல்ஸ் 5 நிமிடத்தில் வந்தது. மீனும் வரட்டும், சேர்ந்தே சாப்பிடலாம் என்று தொடாமல் வைத்திருந்தோம். மீன் வர 40 நிமிடம் ஆனது. ஃப்ரீசரில் கிடந்த மீன், வாயில் வைத்தால் பஞ்சு. அதற்குள் கிண்ணத்தில் சூப்பையே காணோம். அத்தனையையும் குடித்துவிட்டு நூடுல்ஸ் ஊதிக் கிடந்தது.

கடையைத் திட்டிக்கொண்டேதான் வெளியே வந்தோம். பிறகு யோசித்தால் கடைமேல் பெரிய பிழை இல்லை. அந்தக் கடைக்கு என்ன தெரியும் என்று பக்கத்து மேசைகள் சொல்லிக்கொண்டே இருந்தன. நாங்கள்தான் மெனுவை நம்பினோம்.

“நல்ல சைனீஸ் கடை எது?” என்று கேட்பதில்தான் முதல் தவறு. நூடுல்ஸும் கடலுணவும் ஒரே மெனுவில் அடுத்தடுத்த பக்கத்தில் இருந்தாலும் இரண்டும் வேறு வேறு தொழில். நூடுல்ஸ் கடையின் உயிர் அதன் சூப்புப் பானையிலும் மாவிலும் இருக்கிறது. காலையிலேயே எலும்பு கொதிக்க ஆரம்பித்திருக்கும். ஆள் வந்து உட்கார்ந்ததும் சில நிமிடத்தில் கிண்ணம் வந்துவிடும். கடலுணவுக் கடைக்கு அப்படி எதையும் முன்கூட்டிச் செய்துவைக்க முடியாது. அங்கே சரக்கு எவ்வளவு வேகமாகக் கைமாறுகிறது என்பதுதான் விஷயம். நாளைக்கு ஒரு மீன் விற்கும் கடையில் அந்த ஒரு மீன் நன்றாக இருக்க வாய்ப்பு குறைவு.

அதனால் உள்ளே நுழைந்ததும் மெனுவைத் திறக்காதீர்கள், மேசைகளைப் பாருங்கள். தனியாளாக வந்து 15 நிமிடத்தில் எழுந்துபோகிறவர்கள் அதிகமா? அது நூடுல்ஸ் கடை. வட்ட மேசையைச் சுற்றிக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து, நடுவில் நண்டு ஓடு குவிந்திருக்கிறதா? அங்கே கடலுணவைக் கேளுங்கள். மெனு பருமனாக ஆக எனக்குச் சந்தேகமும் பருக்கும்.

சரி, நூடுல்ஸ் கடை என்று தெரிந்துவிட்டது. அடுத்த தவறு, எல்லா நூடுல்ஸையும் ஒன்றாக நினைப்பது. லான்ஜோ ஊர்ப் பாணிக் கடையில் கோதுமை மாவைக் கையாலேயே இழுத்து இழுத்து இழையாக்குவார்கள். தெளிந்த மாட்டிறைச்சி சூப், வெள்ளை முள்ளங்கி, சிவப்பு மிளகாய் எண்ணெய், பச்சைக் கொத்தமல்லி. முடி போன்ற மெல்லிசிலிருந்து பெல்ட் மாதிரி அகலம் வரை எந்த அளவு வேண்டும் என்று நாமே சொல்லலாம். இதைச் சொல்லாமல் விட்டுவிட்டு, வந்த பிறகு முணுமுணுப்பவர்கள் நிறைய. அந்தப் பாணி ஹுய் முஸ்லிம்களிடமிருந்து வந்தது. அங்கே போய்ப் பன்றி இறைச்சி வான்டனை, அதாவது மெல்லிய மாவுத் தாளில் இறைச்சியைப் பொதிந்த சின்னக் கொழுக்கட்டையை, தேடினால் கிடைக்காது. ஷான்ஷி மாகாணத்தில் மாவுக் கட்டியைக் கையில் பிடித்துக் கத்தியால் கொதிநீரில் சீவித் தள்ளுவார்கள். சிச்சுவான் பக்கத்து டான் டான் நூடுல்ஸில் சூப்பே கிட்டத்தட்ட இருக்காது. தோளில் காவடிபோலச் சுமக்கும் கம்பிலிருந்து வந்த பெயர் அது. மசாலாவும் எண்ணெயும் அடியில் கிடக்கும், வந்தவுடன் அடியோடு புரட்டிக் கலக்க வேண்டும். மேலோடு மேலாகச் சாப்பிட்டுவிட்டு “சப்பென்று இருக்கிறது” என்பவர், கடைசி வாயில் கண்ணீர் விடுவார்.

தென்சீனாவின் ஹாங்காங், குவாங்தோங் பக்கத்துக் கான்டனீஸ் வான்டன் நூடுல்ஸை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அதன் மெல்லிய இழை முட்டையும் காரநீரும் சேர்த்துப் பிசைந்த மாவில் செய்தது. காரநீர் என்றால் மிளகாய்க் காரமல்ல, மாவுக்கு மஞ்சள் நிறத்தையும் ரப்பர் போன்ற துள்ளலையும் கொடுக்கும் காரத்தன்மையுள்ள (alkaline) உப்புக் கரைசல். சில விநாடி கொதிநீரில் போட்டு, எடுத்துக் குளிர்ந்த நீரில் அலசி, மறுபடி கொதிநீரில் ஒரு முக்கு. அலசாமல் விட்டால் சோப்பு மாதிரி ஒரு வாடை நிற்கும். அந்த வாடை வந்தால் அவசரத்தில் செய்த கிண்ணம் என்று புரிந்துகொள்ளலாம். பழைய முறையில் பரிமாறும் கடைகளில் கிண்ணத்தைக் கொஞ்சம் கவனியுங்கள்: அடியில் கரண்டி, அதன்மேல் வான்டன், எல்லாவற்றுக்கும் மேலே நூடுல்ஸ். இழை சூப்பில் மூழ்கி ஊறிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த அடுக்கு. கிண்ணம் சின்னதாக இருப்பதும் கஞ்சத்தனமல்ல. ஊறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற கணக்கு. நாமோ அதை நடுவில் வைத்து, நான்கு கோணத்தில் படமெடுத்து, மற்றவர்களின் தட்டு வரும்வரை மரியாதைக்குக் காத்திருக்கிறோம். நூடுல்ஸ் சூப்பாக வந்தால் காத்திருக்காதீர்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பார்சல் என்றால் சூப்பைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள்.

வறுத்த நூடுல்ஸில் வேறொரு தவறு நடக்கிறது. ஆறு பேர் போனால் “பெரிய தட்டாக ஒன்று” என்று சொல்வோம். அகல அரிசி நூடுல்ஸான ஹோ ஃபன்னை நன்றாக வறுத்தால் லேசாகத் தீய்ந்த புகை மணம் ஒன்று வரும். ‘வோக் ஹே’ என்பார்கள், வாணலியின் மூச்சு என்று பொருள். பழுக்கக் காய்ந்த வாணலியில் கொஞ்சமாகப் போட்டுப் புரட்டினால்தான் அது வரும். மூன்று மடங்கை ஒரேயடியாகக் கொட்டினால் வாணலி ஆறிப்போகும், நூடுல்ஸ் தன் ஈரத்திலேயே அவிந்துவிடும். இரண்டு சின்னத் தட்டுகளாக, தனித்தனியாக வறுத்துத் தரக் கேளுங்கள். சாப்பிட்டு முடித்த தட்டில் எண்ணெய் குளமாக நின்றால் அடுத்த முறை வேறு கடை.

இனிக் கடலுணவு. இங்கே தவறு செய்தால் பர்ஸும் சேர்ந்து அழும்.

கண்ணாடித் தொட்டியைப் பார்த்ததும் நமக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது. தொட்டி இருக்கிறது என்பதற்காக உங்கள் தட்டுக்கு வரும் இறால் அதிலிருந்துதான் வரும் என்றில்லை. உப்பு மிளகு போட்டுப் பொரித்த கணவாய் பெரும்பாலும் ஃப்ரீசர் சரக்குதான். அதில் குறையும் இல்லை, கணவாய் உறைபனியை நன்றாகவே தாங்கும். ஆனால் ஆவியில் வேகும் மீனுக்கு அது ஒத்துவராது. “தொட்டி மீனா?” என்று நேராகக் கேட்டுவிடுங்கள். தொட்டியையும் பாருங்கள்: தண்ணீர் தெளிவாக இருக்கிறதா, மீன் நிமிர்ந்து நீந்துகிறதா, உடம்பில் புண் இருக்கிறதா, தட்டினால் நண்டு காலை அசைக்கிறதா. உயிரில்லாத நண்டை விலை குறைத்துத் தந்தாலும் வேண்டாம்; செத்த நண்டில் கிருமி வேகமாகப் பெருகும்.

விலை எழுத வேண்டிய இடத்தில் ‘பருவ விலை’ என்று போட்டிருந்தால் கேட்க வெட்கப்படுகிறோம் பாருங்கள், அதுதான் பெரிய தவறு. அன்றைய சந்தை விலை என்று அதற்குப் பொருள், கேட்டால் சொல்வார்கள். ஆனால் எந்த எடைக்கு என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். சீனப் பெருநிலத்தில் ஒரு ஜின் 500 கிராம். ஹாங்காங்கில் ஆங்கிலத்தில் கேட்டி எனப்படும் அதே ஜின் ஏறத்தாழ 605 கிராம், தைவானில் 600 கிராம். 1.2 கிலோ மீன் ஓரிடத்தில் 2.4 ஜின், இன்னோரிடத்தில் கிட்டத்தட்ட 2 கேட்டி. இதற்குக் கீழே லியாங் என்ற சின்ன அளவு வேறு: பெருநிலத்தில் 50 கிராம், ஹாங்காங்கில் சுமார் 38 கிராம். மெனுவில் சின்ன எண்ணைப் பார்த்து மயங்கினால் பில்லில்தான் தெளிவோம். மீனைப் பிடித்ததும் நம் கண்முன்னே எடைபோடச் சொல்லி, மொத்தம் எவ்வளவு வரும் என்று அடுப்புக்குப் போகும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. இதில் சங்கடப்பட ஒன்றுமில்லை. நண்டானால் அதைக் கட்டியிருக்கும் கயிற்றையும் ஒரு பார்வை பாருங்கள். ஈரம் ஊறிய தடித்த கயிறு நண்டு விலைக்கே எடையில் ஏறும்.

நண்டைக் கையில் தூக்கிப் பார்க்க விட்டால், அளவுக்கு மீறிக் கனப்பதை எடுங்கள். ஓடு பெரிதாக, எடை குறைவாக இருந்தால் உள்ளே சதை நிறையவில்லை. வயிற்று மூடி அகன்று வட்டமாக இருந்தால் பெண், குறுகி முக்கோணமாக இருந்தால் ஆண். முட்டைக்கொழுப்பு வேண்டுமானால் பெண், கொடுக்குச் சதை வேண்டுமானால் ஆண். சீனாவில் ரோமநண்டுக்கு இதையே மாதக் கணக்காகச் சொல்வார்கள்: சந்திர நாள்காட்டியில் ஒன்பதாம் மாதம் பெண், பத்தாம் மாதம் ஆண்.

மீனில் “பெரியதாகப் பிடியுங்கள்” என்பது வீண் பெருமை. ஆவியில் வேக 600 முதல் 800 கிராம் வரையுள்ள மீன்தான் வசதி. அதற்கு மேல் போனால் நடுமுள் வேகும்போது வால் வறண்டிருக்கும். உயிர்மீனை வேகவைத்தால் கண் வெள்ளையாகப் பிதுங்கும், துடுப்பு விறைத்து நிற்கும் என்பார்கள் கான்டனீஸ்காரர்கள். தட்டில் உள்ள சாறு தெளிவாகவும் இருக்க வேண்டும். மீன் வெந்த தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சோயா சாஸ் ஊற்றி, மேலே இஞ்சியும் வெங்காயத்தாளும் வைத்து, காய்ந்த எண்ணெயைச் சொரிய வேண்டும். கலங்கலாக, கவிச்சியடித்தால் அந்தத் தண்ணீரைக் கொட்டவில்லை. இவ்வளவு நல்ல மீனை வாங்கி “கொஞ்சம் சில்லி சாஸில் புரட்டிக் கொடுங்கள்” என்று கேட்பவர்களும் உண்டு. அந்த சாஸுக்கு உறைந்த மீனே போதும், காசாவது மிஞ்சும். ஒரு பக்கம் தீர்ந்ததும் மீனைக் கவிழ்க்காமல் முள்ளைத் தூக்கிவிட்டு அடிப்பக்கம் சாப்பிடுங்கள். மீனைக் கவிழ்ப்பது படகைக் கவிழ்ப்பது மாதிரி என்று கடலோரத்தில் முகம் சுளிப்பார்கள். மட்டிச் சிப்பியில் வாய் திறக்காததை வம்படியாகத் திறக்க வேண்டாம்.

ஒவ்வாமை உள்ளவர்கள், சைவர்கள், பன்றி தவிர்ப்பவர்கள் எல்லாரும் சறுக்குவது ஒரே இடத்தில்: பெயரைப் பார்த்து முடிவு செய்வது. வெறும் கீரை வதக்கலில் சிப்பி சாஸ் இருக்கும். இறால் வான்டனுக்குள் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். அதன் சூப்பில் கருவாடாக்கிய தட்டைமீனும் இறால் ஓடும் கொதித்திருக்கும். எக்ஸ்ஓ சாஸ் என்பது பெயருக்குப் பிராந்தி, உள்ளே உலர்ந்த சிப்பிச் சதையும் இறாலும் ஹாமும். மீனில் ஷாவ்ஷிங் அரிசி மது ஊற்றியிருப்பார்கள். சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை உண்டு. “சைவமா?” என்று கேட்டால் “ஆமாம்” என்றுதான் பதில் வரும். சிப்பி சாஸ் போடுவீர்களா, எந்த எண்ணெய், எந்த சூப் என்று பொருளைச் சொல்லிக் கேட்க வேண்டும். கடுமையான ஒவ்வாமை இருந்தால் கடலுணவுக் கடையே வேண்டாம். ஒரே வாணலி எல்லாவற்றையும் தொடுகிறது.

அஜினோமோட்டோ பயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிகுனே இகேடா என்ற ஜப்பானிய வேதியியலாளர் 1908-இல் கடற்பாசிச் சூப்பிலிருந்து பிரித்தெடுத்த குளூட்டமேட் என்ற சுவைப்பொருள் அது. 1968-இல் ஒரு மருத்துவ இதழில் வந்த வாசகர் கடிதத்திலிருந்து ‘சைனீஸ் உணவக நோய்’ என்ற பேச்சு கிளம்பியது. பிறகு நடந்த கட்டுப்படுத்தப்பட்ட சோதனைகளில் அது உறுதியாக நிரூபணமாகவில்லை. அதே குளூட்டமேட் தக்காளியிலும் சோயா சாஸிலும் இயல்பாகவே இருக்கிறது. ரத்தக்கொதிப்பு உள்ளவர் கவலைப்பட வேண்டியது உப்பைப் பற்றி. நூடுல்ஸைச் சாப்பிட்டுவிட்டு சூப்பைப் பாதியில் வைத்துவிடலாம்.

நூடுல்ஸும் வேண்டும், கடலுணவும் வேண்டும், ஒரே மேசையில் வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. கடலுணவுக் கடைக்கே போங்கள். அங்கே நூடுல்ஸைத் தனித் தட்டாகக் கேட்காதீர்கள்; விருந்து வழக்கப்படி சோறும் நூடுல்ஸும் கடைசியில்தான் வரும், அதற்குள் வயிறு நிறைந்திருக்கும். சிங்கி இறாலையோ நண்டையோ இஞ்சி வெங்காயத்தாளோடு கேட்டு, அடியில் யீ மெய்ன் விரித்துத் தரச் சொல்லுங்கள். முன்னமே பொரித்து வைத்த முட்டை நூடுல்ஸ் அது. வான்டன் இழைக்கு நேர் எதிராக, ஊறுவதற்கென்றே பிறந்தது. ஓட்டிலிருந்து வடியும் சாறு முழுக்க அதில்தான் இறங்குகிறது. எல்லாரும் கொடுக்கை உடைப்பதில் மும்முரமாக இருப்பார்கள். நான் முதலில் அடியில்தான் கை வைப்பேன்.