பழைய டீசல் பிக்கப்ல ஓவர்டிரைவ் மாட்டப் போறீங்களா, முதல்ல இதப் பாருங்க

கிருஷ்ணகிரில இருந்து மாங்கா லோடு ஏத்திக்கிட்டு சேலம் போற பழைய 4 கியர் வண்டிக்காரங்களுக்குத்தான் இந்தக் குறிப்பு. ஓவர்டிரைவ்னா, வண்டி அதே ஸ்பீடுல போறப்பவே இன்ஜின் சுத்தைக் குறைக்கற கியர். 5 கியர் வண்டின்னா அஞ்சாவதே பெரும்பாலும் ஓவர்டிரைவ்தான், அதுக்கு மேல தனியா மாட்டுறது வீண் செலவு.

கியர்பாக்ஸுக்குப் பின்னாடி உக்கார்ற யூனிட் இது, 0.78 ரேஷியோன்னு, அதாவது இன்ஜின் சுத்து 0.78 மடங்கா குறையும்னு வச்சுக்கோங்க, 3000 ஆர்பிஎம்ல கத்திக்கிட்டு இருந்த இன்ஜின் அதே ஸ்பீடுல 2340க்கு இறங்கிடும், காதுக்கும் நிம்மதி, பிளாட் ரோட்டுல டீசலும் மிச்சம். ஆனா யூனிட்டுக்கு இடம் விட, பின் சக்கரத்துக்கு சுத்து கொண்டு போற ப்ரொபெல்லர் ஷாஃப்டை வெட்டிக் குறைக்கணும், லேத்ல வெல்டிங் மட்டும் அடிச்சு அனுப்பிடுவாங்க, பேலன்ஸ் போடாம வாங்கவே வாங்காதீங்க, 60ல போறப்ப சீட்டுக்கு அடில கிர்ர்னு ஆடும், கொஞ்ச நாள்ல ஷாஃப்ட் மூட்டுல இருக்கற கிராஸ் போயிடும்.

இன்னொண்ணு, ஸ்பீடு மீட்டர் கேபிள் கியர்பாக்ஸ்லயே இருந்தா ஓவர்டிரைவ்ல தப்பா காட்டும், முள்ளு 55ல நிக்கும், வண்டி 70ல போய்க்கிட்டு இருக்கும்.

முக்கியமா சேலம் போற வழில வர்ற தொப்பூர் கணவாய் இறங்கறதுக்கு முன்னாடியே ஓவர்டிரைவை ஆஃப் பண்ணிட்டு மூணாவதுக்கோ ரெண்டாவதுக்கோ வந்துடுங்கண்ணா, இல்லன்னா இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்காது, மொத்த லோடும் பிரேக் மேல விழுந்து ட்ரம் சூடாகிடும், அப்புறம் பெடலை மிதிச்சாலும் நிக்காது. ரிவர்ஸ் எடுக்கறப்பவும் ஆஃப்லதான் இருக்கணும், இல்லன்னா உள்ள இருக்கற, ஒரு பக்கம் மட்டும் சுத்தற ஒன்வே கிளட்ச் உடைஞ்சிடும். மாட்டறதுக்கு முன்னாடி ஆர்டிஓ ஆபீஸ்லயும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.