புதிய ஆய்வுக் கழகம் நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் என்று டெல்டாவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு வரலாற்று ஆய்வுக் கழகமோ பண்பாட்டு மையமோ புதிதாக முளைத்திருக்கிறது. கல்லூரிப் பேராசிரியர் ஒருவர், கல்வெட்டுப் பித்துப் பிடித்த பள்ளி ஆசிரியர் இருவர், வங்கியில் ஓய்வு பெற்றவர் ஒருவர், நாலைந்து முனைவர் பட்ட மாணவர்கள். இவ்வளவு பேர் சேர்ந்தால் போதும், கழகம் தயார். நல்ல விஷயம்தான். ஆனால் முதல் அழைப்பிதழைப் பார்த்தாலே அடுத்த வருடம் இந்தக் கழகம் இருக்குமா என்று ஓரளவு சொல்லிவிட முடிகிறது. செயலாளர் என்ற பெயரில் இந்த வேலையில் கொஞ்ச காலம் குப்பை கொட்டியவன் நான். நாங்கள் விழுந்த பள்ளத்தில் அதே வரிசையில் விழுகிறார்கள்.

கணக்கு எழுதுங்கள், நேரத்துக்கு வாருங்கள், எல்லோரையும் மதியுங்கள் என்று இங்கே சொல்லப் போவதில்லை. அது தெரியாதவர் யாருமில்லை.

முதல் வருடமே பன்னாட்டுக் கருத்தரங்கம்

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கழகம் பதிவான சூட்டோடு நடக்கும் கூட்டத்தில் ஒருவர் எழுந்து சொல்வார்: "ஐயா, பன்னாட்டுக் கருத்தரங்கம் ஒண்ணு வச்சிட்டா நம்ம பேரு எல்லா ஊருக்கும் தெரிஞ்சிடும்." கேட்க நன்றாக இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தாலும் நன்றாகவே வரும். கட்டுரையாளர்களிடம் கட்டணம் வாங்கலாம். அந்தப் பணத்திலேயே ஐஎஸ்பிஎன் எண்ணோடு தொகுப்பு நூல் அச்சிடலாம், மதியச் சாப்பாடு போடலாம், சான்றிதழ் கொடுக்கலாம். பதவி உயர்வுக்குக் கட்டுரை தேவைப்படும் உதவிப் பேராசிரியர்களும், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஏதாவது அச்சில் வர வேண்டிய மாணவர்களும் இருக்கும்வரை கட்டுரைக்குப் பஞ்சமில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவரும் மலேசியாவிலிருந்து ஒருவரும் ஜூமில் தலைகாட்டினால் பன்னாடு ஆயிற்று.

அப்புறம்தான் வேலை தொடங்கும். கட்டுரைகள் கடைசித் தேதி இரவில் வரும், அல்லது தேதியை நீட்டிய பிறகு வரும். ஒன்று பாமினியில், ஒன்று வானவில்லில், ஒன்று பெயரே தெரியாத ஏதோ எழுத்துருவில். ஒருங்குறிக்கு, அதாவது யூனிகோடுக்கு, மாற்றும் கருவியில் ஒட்டினால் முடிந்தது என்று தலைவர் நினைத்துக்கொண்டிருப்பார். மாற்றி வந்த கோப்பில் 'காவிாி' என்று இருக்கும். அச்சில் பார்த்தால் சரியாகவே தெரியும். ஆனால் கடைசியில் இருப்பது ரகரமே இல்லை. துணைக்காலின்மேல் இகரக் குறி ஏறி உட்கார்ந்திருக்கிறது. கோப்பில் 'காவிரி' என்று தேடினால் ஒன்றுகூட அகப்படாது. 'ஔவை'யில் ஔ இருக்காது, ஒகரமும் ளகரமும் தனித்தனியாக நிற்கும். இதையெல்லாம் வரி வரியாகத் திருத்துவது யார்? மேடையில் உட்காரப் போகிற யாரும் இல்லை. கணினி தெரியும் என்ற ஒரே குற்றத்துக்காக இரண்டு மாணவர்கள்.

சரி, உழைப்பு போனால் போகட்டும். பெரிய கேடு வேறு இடத்தில் இருக்கிறது. கட்டணம் வாங்கிய பிறகு ஒரு கட்டுரையை "இது வேண்டாம்" என்று திருப்பி அனுப்பும் தைரியம் யாருக்கும் இருக்காது. வேறு வேறு கல்லூரியிலிருந்து வந்த இரண்டு கட்டுரைகள் எழுத்துப்பிழை உட்பட ஒன்றாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். இரண்டும் தொகுப்பில் வந்தன. திருத்திய மாணவன் எடுத்துச் சொன்னபோது கிடைத்த பதில்: "விடு தம்பி, ரெண்டு பேரும் பணம் கட்டிட்டாங்க." அந்தத் தொகுப்பின் முதல் பக்கத்தில் 'வல்லுநர் குழுவால் மதிப்பீடு செய்யப்பட்டது' என்று போட்டிருந்தது.

ஐஎஸ்பிஎன் எண்ணைத் தரச்சான்று மாதிரி காட்டுகிறார்கள். அது புத்தகத்தை அடையாளம் காண ஓர் எண், அவ்வளவுதான். நம் நாட்டில் அதை ராஜாராம் மோகன்ராய் பெயரிலுள்ள தேசிய முகமை கட்டணமில்லாமல் தருகிறது. இதழுக்குத் தரும் ஐஎஸ்எஸ்என் எண்ணும் அப்படியே. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவர்கள் படித்துப் பார்ப்பதில்லை.

பணத்தின் கதை இன்னும் மோசம். குடமுருட்டிக் கரையில் ஒரு கழகம். கழகத்துக்கு வங்கிக் கணக்கு தொடங்கத் தாமதமானதால், பொருளாளர் தன் சொந்த ஜிபே எண்ணையே அறிவிப்பில் போட்டுவிட்டார். மளிகைக் கடை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், கட்டுரைக் கட்டணம் எல்லாம் ஒரே பட்டியலில். அனுப்பியவர் பெயர் கணவருடையதாக இருக்கும், கட்டுரை மனைவியுடையதாக இருக்கும். யார் கட்டினார், யார் கட்டவில்லை என்று கடைசிவரை தெரியவில்லை. அந்த மனிதர் நேர்மையானவர். சாப்பாட்டுக்காரருக்குக் கொடுக்க வேண்டிய மீதியைத் தன் கையிலிருந்து கொடுத்தார். ஆனாலும் டீக்கடையில் பேச்சு கிளம்பியது. அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை, அதற்கடுத்ததற்கும் வரவில்லை. விற்காத தொகுப்புக் கட்டுகள் தலைவர் வீட்டுக் கொல்லைப்புற அறையில் அடுக்கிக் கிடந்து, ஐப்பசி மழையில் ஓடு ஒழுகி, மிச்சத்தைக் கரையான் பார்த்துக்கொண்டது. எழுத்துருவோடு மல்லுக்கட்டிய மாணவர்களில் ஒருவர் இன்று நல்ல ஆய்வாளர். கழகத்து எண்ணிலிருந்து அழைத்தால் எடுப்பதில்லை. எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

நம் தஞ்சாவூரிலேயே பழைய கழகம் ஒன்று இருக்கிறது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் தொடங்கியது 1911-இல். அதன் 'தமிழ்ப்பொழில்' இதழ் வந்தது 1925-இல். இடையில் 14 வருடம். நம்மவர்களுக்குப் பதினான்கு மாதம் பொறுக்க முடியவில்லை.

அப்படியானால் முதல் வருடம் என்னதான் செய்வது என்று கேட்பார்கள். கட்டணம் வாங்காமல், மாதம் ஒரு கூட்டம், ஒரே ஒரு கட்டுரை, ஒரு மணி நேரம் வாசிப்பு, ஒரு மணி நேரம் சண்டை. கூடவே கைக்கு அடக்கமாக ஒரு களப்பணி. உதாரணத்துக்கு, உங்கள் வட்டத்தில் ஓடும் ஆறு, வாய்க்கால், மதகு பெயர்களைச் சேகரியுங்கள். முடிகொண்டான், கீர்த்திமான், வீரசோழன் என்று சோழர் காலப் பட்டப்பெயர்களில் இன்றும் தண்ணீர் ஓடுகிறது. தேவாரத்தில் வரும் அரிசிலாறுதான் இன்றைய அரசலாறு. கல்வெட்டில் நில எல்லை சொல்லும்போது வாய்க்கால் பெயர் வந்துகொண்டே இருக்கும். அந்தப் பெயர் வயலில் இறங்கும் பெரியவர் வாயில் இன்னும் இருக்கிறதா என்று கேட்டு எழுதுவதற்குப் பன்னாடு தேவையில்லை, சைக்கிள் போதும். ஒரு வருடம் இதைச் செய்து முடித்தவர்களில் யார் தங்குவார், யார் போட்டோவுக்கு மட்டும் வருவார் என்பதும் தெரிந்துவிடும்.

ஏழு கௌரவத் தலைவர்கள்

ஒருவரும் வேண்டாம்.

'புதிய கல்வெட்டு கண்டுபிடிப்பு'

செய்தியாளருக்குப் போன் போடுவதற்கு முன்னால் பழைய ஆண்டறிக்கைகளைப் புரட்டுங்கள். மத்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கைகள் 1887 முதல் இருக்கின்றன. தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகள் 1890 முதல் வருகின்றன. காவிரிக் கரைக் கோயில்களில் பலவற்றை நம் தாத்தாக்கள் காலத்திலேயே படியெடுத்துவிட்டார்கள். நாளிதழில் உங்கள் படம் வந்த மறுநாள் ஓய்வு பெற்ற கல்வெட்டாளர் ஒருவர் ஆண்டும் எண்ணும் சொல்லி ஒரே வரியில் செய்தி அனுப்புவார். அந்த அசிங்கம் கழகத்தோடு வெகுகாலம் வரும்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஆண்டறிக்கையில் சுருக்கம் மட்டும் வந்து, முழுப் பாடம் அச்சேறாத கல்வெட்டுகள் நிறைய. அவற்றை அனுமதி வாங்கி நிதானமாக வாசித்து வெளியிடுவதே பெரிய வேலை. அனுமதி என்றதும் நினைவுக்கு வருகிறது: எழுத்து பளிச்சென்று தெரிய வேண்டும் என்று மைதாவையும் சுண்ணாம்பையும் கல்லில் தேய்க்கும் பையன்களைக் கழகத்தில் சேர்த்துக்கொள்ளாதீர்கள். சாயங்காலம் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் போதும், எழுத்து தானே எழும்.

பதிவு செய்துவிட்டு மறந்துவிடுவது

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி ஏழு பேர் இருந்தால் சங்கம் பதிவு செய்யலாம். அந்தச் சான்றிதழுக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவார்கள். வருடா வருடம் பொதுக்குழு கூட்டி, தணிக்கை செய்த வரவு செலவும் உறுப்பினர் பட்டியலும் மாவட்டப் பதிவாளருக்குப் போக வேண்டும், நிர்வாகி மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும் என்பது எவருக்கும் ஞாபகம் இருக்காது. ஏதாவது நிதி நல்கைக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் ஞாபகம் வரும். அன்றைக்கு அபராதம், அலைச்சல், நாலு வருடக் கணக்கை ஒரே ராத்திரியில் 'உருவாக்குதல்'.

நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு இன்னும் கறார்: ஊர்ச்சபை வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயர் மட்டுமில்லை, அவருடைய உறவினர் பெயரும் குடவோலையில் ஏறக் கூடாது. இதைப் பற்றி வருடம் ஒரு கட்டுரை வாசிக்கும் கழகங்களில்தான் தொடங்கிய நாளிலிருந்து ஒருவரே தலைவராக இருக்கிறார்.

வாட்ஸ்அப்பில் முடிவெடுப்பது

கட்டைவிரல் தீர்மானம் ஆகாது. தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

மாதம் பார்க்காமல் நாள் குறிப்பது

ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் குறுவைக்காரர்கள் வயலில் இருப்பார்கள். புரட்டாசியில் சம்பா நடவு. ஐப்பசி, கார்த்திகையில் எந்த நாள் புயல் எச்சரிக்கை வரும் என்று யாருக்கும் தெரியாது. தையில் அறுவடை, பங்குனி சித்திரையில் தேர்வும் விடைத்தாள் திருத்தமும். மிச்சம் இருப்பதில் முகூர்த்த நாளைக் கழித்துவிடுங்கள். 'ஆடியில் கல்யாணம் இல்லை, மண்டபம் சும்மா கிடக்கும்' என்று குறித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மண்டபம் கிடைத்தது, வாடகையும் குறைவு. எதிரில் இருந்த மாரியம்மன் கோயில் குழாய் ஒலிபெருக்கியை யோசிக்கவில்லை. சிறப்புரையை முதல் வரிசையில் இருந்தவர்களும் கேட்கவில்லை.

என் அனுபவத்தில் மாசி பரவாயில்லை.

எல்லாம் ஒருவர் மடிக்கணினியில்

படங்கள், உறுப்பினர் பட்டியல், மின்னஞ்சல் கடவுச்சொல். இரண்டு பேரிடம் நகல் இல்லாவிட்டால் அது கழகத்தின் சொத்து இல்லை.

மாணவர்களை நாற்காலி தூக்க வைப்பது

களத்துக்குப் போய், வெயிலில் நின்று, அளந்து, படம் எடுத்து, தட்டச்சும் செய்து கொடுப்பது ஒரு மாணவி. கட்டுரையில் முதல் பெயர் பேராசிரியருடையது, இரண்டாவது பெயர் செயலாளருடையது, மாணவிக்கு 'உதவியவர்களுக்கு நன்றி' என்ற பன்மையில் ஓர் ஓரம். இப்படி ஒரு தடவை செய்தால் போதும், அடுத்த களப்பணிக்கு நீங்களே நாடாவைப் பிடிக்க வேண்டியதுதான். யார் பெயர் எந்த வரிசையில் வரும் என்பதைக் களத்துக்குப் போகும் முன்பே பேசி எழுதிவைத்துவிடுங்கள்.

இன்னொன்று, கடைசிப் பேருந்து. ஆறு மணிக் கூட்டம் என்று போட்டு, ஆறே முக்காலுக்குத் தொடங்கி, ஒவ்வொருவருக்கும் துண்டு போர்த்தி, நன்றியுரை முடிய ஒன்பது ஆகும். பாபநாசத்துக்கும் வலங்கைமானுக்கும் போக வேண்டிய பெண்கள் நடுவிலேயே எழுந்து போவார்கள், அடுத்த மாதம் வரமாட்டார்கள். பெண்கள் ஆய்வுக்கு வருவதில்லை என்று செயற்குழுவில் வருத்தப்பட்டுப் பேசுவார்கள். கூட்டத்தை ஞாயிறு காலை பத்து மணிக்கு வையுங்கள். துண்டு வேண்டாம்.