தினமும் போடுற டோனரா? பாட்டிலைத் திருப்பிப் பாத்து வாங்குங்க

போன வாரம் சித்தி பொண்ணு போன் பண்ணி, அக்கா மூஞ்சில டெட் செல், அதான் செத்த தோல் எல்லாம் போற மாதிரி டோனர் (மூஞ்சி கழுவினதும் போடற தண்ணி மாதிரி சாமான்) ஒண்ணு சொல்லு, நல்லா ஸ்ட்ராங்கா இருக்கணும்னு கேட்டா. அந்த "ஸ்ட்ராங்கா"ல மாட்டிக்கிட்டவதான் நானும். சில வருஷம் முன்னாடி திஞ்சானுக்கு, அதான் பர்மாவுல ஏப்ரல்ல வர்ற புத்தாண்டு தண்ணித் திருவிழாவுக்கு, ரெண்டு வாரம் இருக்கும்போது, பெரிய பாட்டில்ல இருந்து குட்டி பாட்டில்ல பிரிச்சு ஊத்தி விக்கிறவங்ககிட்ட ஒண்ணு வாங்கினேன், லேபிள் கிடையாது, மேல மார்க்கர்ல கிளைகாலிக்னு, தோலை உரிக்கிற ஒரு ஆசிட் பேரு, அது மட்டும் கிறுக்கியிருந்துச்சு. காலைல ஒருவாட்டி ராத்திரி ஒருவாட்டி போட்டேன், சுள்ளுன்னு எரிஞ்சுது, எரிஞ்சா வேலை செய்யுதுன்னு நெனச்சேன். அப்புறம் ஏப்ரல் வெயில்ல நாலு நாளும் தண்ணி ஊத்தி ஆட்டம். அஞ்சாம் நாள் கண்ணாடில பாத்தா ரெண்டு கன்னத்து எலும்பு மேலயும் கருகின தோசை மாதிரி திட்டு. அது மங்கறதுக்கு தீபாவளி வந்துருச்சு.

நம்ம மாதிரி மாநிறத் தோல்ல இதான் சிக்கல், எரிச்சலோ பருவோ எது வந்தாலும் போகும்போது ஒரு கருப்பு அடையாளத்தை விட்டுட்டுத்தான் போகும். அதனால தினமும் போடற டோனர்ல எது ரொம்ப உரிக்கும்னு தேடாதீங்க, எது எரிக்காதுன்னு தேடுங்க.

இந்த உரிக்கிற ஆசிட்களை கடையில ஏஹெச்ஏ (AHA: கிளைகாலிக், லேக்டிக், மாண்டெலிக்), பிஹெச்ஏன்னு சொல்லுவாங்க, அதுல பிஹெச்ஏன்னு ரெண்டு வகை இருக்கு, BHAன்னா சாலிசிலிக், PHAன்னா குளுக்கோனோலாக்டோன், லாக்டோபயோனிக், தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், குழப்பிக்காம ஆசிட் பேரைப் பாத்துக்குங்க. கிளைகாலிக்தான் இருக்கறதுலயே சின்ன மூலக்கூறு, சட்டுனு உள்ள போகும், அதனாலதான் எரியுது. லேக்டிக் கொஞ்சம் பெருசு. மாண்டெலிக் கிளைகாலிக் மாதிரி ரெண்டு மடங்கு, மெதுவா போகும், கருப்பு அடையாளம் பயம் உள்ளவங்களுக்கு எனக்குப் பிடிச்சது இதுதான். குளுக்கோனோலாக்டோன், லாக்டோபயோனிக் ரெண்டும் அதை விடப் பெருசு, தோல்ல ஈரத்தையும் பிடிச்சு வெக்கும், எதைப் போட்டாலும் செவந்துபோற மூஞ்சின்னா இங்கருந்து ஆரம்பிங்க. சாலிசிலிக் எண்ணெய்ல கரையற ஆசிட், துவாரத்துக்குள்ள போயி அடைப்பை எடுக்கும், மூக்கு மேல பிளாக்ஹெட் உள்ள எண்ணெய் மூஞ்சிக்கு அது. ஆஸ்பிரின் அலர்ஜி இருந்தா சாலிசிலிக் பக்கமே போகாதீங்க, வயித்துல பிள்ளை இருந்தா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

அளவுன்னு பாத்தா புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு லேக்டிக், மாண்டெலிக் எல்லாம் 5%க்குள்ள, சாலிசிலிக் 0.5%ல இருந்து 1% போதும். தி ஆர்டினரி கிளைகாலிக் 7%, பாலாஸ் சாய்ஸ் சாலிசிலிக் 2% எல்லாம் நல்ல சாமான்தான், ஆனா மொத மொத வாங்கற பாட்டிலா அதை நான் சொல்ல மாட்டேன். பர்சென்ட் மட்டும் பாத்தாலும் போதாது, பிஹெச்னு (pH) ஒரு அமில அளவு இருக்கு, அந்த நம்பர் எறங்க எறங்க கடி ஏறும். கிளைகாலிக்கை எடுத்துக்கிட்டா பிஹெச் 3.8 கிட்ட அதுல பாதிதான் உரிக்கிற நிலைமைல இருக்கும், 3க்கு எறங்கிட்டா அதே 5% பாட்டில் வேற ஆளு. அமெரிக்காவுல 1998ல நிபுணர் குழு ஒண்ணு, வீட்ல போடற கிளைகாலிக், லேக்டிக் சாமான் 10% தாண்டக்கூடாது, பிஹெச் 3.5க்கு கீழ போகக்கூடாதுன்னு சொல்லுச்சு.

இனி பாட்டிலைத் திருப்புங்க. பின்னாடி இருக்கற லிஸ்ட்ல 1% மேல உள்ளது எல்லாம் எது அதிகமோ அந்த வரிசைலதான் வரும். தண்ணிக்கு அடுத்தே ஆல்கஹால் டெனாட்னு இருந்தா எடுத்த எடத்துலயே வெச்சுருங்க, போட்ட ஒடனே ஜில்லுனு இருக்கும், அப்புறம் காயப் போட்ட அப்பளம் மாதிரி ஆக்கிடும். மென்தால், வாசனை இதெல்லாம் ஆசிட் கூட வேண்டாத விருந்தாளி. லேக்டிக், மாண்டெலிக் மாதிரி ஆசிட் பேரு வாசனைக்கும் பின்னாடி கடைசில வந்தா அது பேருக்குத்தான் இருக்கு, காசு உங்க இஷ்டம். சீல் ஒடஞ்சிருந்தாலோ பேட்ச் நம்பர் இல்லாட்டியோ வாங்காதீங்க. ஏழு நாள்ல வெள்ளையாக்கும்னு விக்கிறது பக்கம் தலைவெச்சும் படுக்காதீங்க, அந்த மாதிரி சாமான்ல பாதரசமும் ஸ்டீராய்டும் கண்டுபிடிச்சிருக்காங்க. எலுமிச்சம்பழம் தேய்ச்சா போதாதான்னு கேக்கற அத்தைங்களுக்கு, போதாது, அது மேல வெயில் பட்டா கொப்புளமே வரும்.

வாங்கினதும் மூஞ்சி பூரா போடாம தாடைக்கு கீழ ஓரமா மூணு ராத்திரி போட்டுப் பாருங்க. அப்புறம் வாரத்துக்கு ரெண்டு ராத்திரி, ரெண்டு வாரம் கழிச்சு ஒண்ணுவிட்டு ஒருநாள், மூஞ்சி ஒண்ணும் சொல்லலைன்னா மட்டும் தினமும். பஞ்சு வேணாம், பாதியை அதுவே குடிச்சிரும், தேய்க்கவும் செய்யும், உள்ளங்கைல அஞ்சாறு சொட்டு விட்டு அப்படியே அழுத்தி எடுங்க, மேல மாய்ஸ்சரைசர். கரண்டு போயி ஃபேன் நின்ன ராத்திரி வேர்வையோட போட்டா கண்டிப்பா எரியும், தொடச்சு காய விட்டுப் போடுங்க இல்லாட்டி அன்னைக்கு விட்டுருங்க. புருவம் எடுத்த அன்னைக்கும் ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை சாமான்) போடற ராத்திரியும் டோனருக்கு லீவு. மூஞ்சி மெழுகு பூசின மாதிரி இழுத்துப் பளபளன்னு இருந்து வெறும் தண்ணி பட்டாலே எரிஞ்சா, நிறுத்திட்டு ஒரு ரெண்டு வாரம் மாய்ஸ்சரைசர் மட்டும். தோல் மாற சுமார் நாலு வாரம் ஆகும், மூணாம் நாளே போட்டோ எடுத்து ஒப்பிட்டுப் பாக்காதீங்க.

தனாக்கா, அதான் பர்மாவுல மரக்கட்டையை அரைச்சு மூஞ்சில பூசற சாந்து, அதைப் பத்தி கேப்பீங்க, தெரியும். எங்க வீட்லயும் காலைல கல்லுல தண்ணி தெளிச்சு கட்டையை அரைக்கிற சத்தம் கேட்டுத்தான் முழிப்பே வரும், விடச் சொல்லலை. ஆனா அது சன்ஸ்கிரீனுக்கு பதில் ஆகாது. பாட்டி தனாக்கா மட்டுமே போட்டு மூஞ்சி எப்படி இருக்கு பாருன்னு அம்மா சொல்லுவாங்க, பாட்டி குடை இல்லாம வாசல் தாண்டினதே இல்லைங்கறதை சொல்ல மாட்டாங்க. மொதல்ல எஸ்பிஎஃப் 30க்கு மேல உள்ள சன்ஸ்கிரீன், ரெண்டு வெரல் நீளத்துக்கு, அது படிஞ்சதுக்கு அப்புறம் தனாக்காவை தண்ணியா கரைச்சு தட்டித் தட்டிப் போடுங்க, ராத்திரி ஆசிட் பட்ட தோல்ல பிரஷ் வெச்சு தேய்க்க வேணாம். ஏஹெச்ஏ நிறுத்தினாலும் ஒரு வாரம் வெயில் பத்திரம்.

சித்தி பொண்ணு கடைசில மாண்டெலிக் 5% வாங்கினா, புதன் ஞாயிறு போடறா. நேத்து மெசேஜ், அக்கா சன்ஸ்கிரீன் தீந்துருச்சு, சம்பளம் வர்ற வரைக்கும் டோனர் மட்டும் போட்டுக்கவான்னு. டோனரை அலமாரில வெச்சுட்டு சம்பளம் வந்ததும் ஆரம்பின்னு சொல்லிட்டேன்.