ஆள் மேல் பாயும் சேவல்: பழக்கும் முறையும், பழகாததை வீட்டிலேயே அறுத்துச் சுத்தம் செய்யும் முறையும்

குஞ்சாக இருந்தபோது உள்ளங்கையில் தானியம் கொத்தித் தின்ற சேவல், ஐந்தாறு மாதம் ஆனதும் ஒரு நாள் காலையில் தீனித்தட்டோடு வரும் ஆள் மேல் இறக்கையை அடித்துக்கொண்டு பாயும்போது, வளர்த்தவருக்கு அச்சத்தைவிட மனவருத்தமே அதிகமாக இருக்கும். எங்கள் வீட்டில் சிறுவிடை என்னும் நாட்டுக்கோழிகளோடு வளர்ந்த ஒரு சேவல் அப்படித்தான் மாறியது. அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டவற்றை, கொல்லையில் பத்துப் பதினைந்து கோழிகள் வைத்திருக்கும் குடும்பங்களை நினைத்து எழுதுகிறேன். பாயும் சேவல்களில் பலவற்றை நம் நடத்தையை மாற்றியே திருத்திவிடலாம். திருந்தாத ஒன்றை அடுத்தவர் தலையில் கட்டாமல், வளர்த்தவரே பொறுப்பேற்று, அதற்கு அச்சமும் வலியும் இயன்றவரை குறைந்த முடிவைத் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் சேவலின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். பருவம் வந்த சேவலின் உடலில் ஆண் சுரப்புநீர் பெருகும்போது, தன் பெட்டைகளைக் காப்பதும் கூட்டத்தில் தன் இடத்தை நிலைநாட்டுவதும் அதன் முதல் வேலையாகிவிடுகின்றன. கோழிக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசைமுறை உண்டு என்பதை நார்வே நாட்டு விலங்கியலாளர் ஷெல்டெருப் எப்பே 1920-களின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறார். நாள்தோறும் அந்தக் கூட்டத்துக்குள் நடமாடும் மனிதரையும் சேவல் அந்த வரிசையில் வைத்தே எடை போடுகிறது. ஆகவே காரணமின்றி அது பாய்வதில்லை. நாம் ஒரு பெட்டையைப் பகலில் துரத்திப் பிடித்து அது அலறும்போதும், அடைக்கோழியின் அடியில் கைவிட்டு முட்டை எடுக்கும்போதும், சேவலின் கண்ணுக்கு நாம் பருந்துக்கும் கீரிக்கும் இணையாகிவிடுகிறோம்.

பாய்வதற்கு முன் அது அறிவிப்புக் கொடுக்கும். ஒரு பக்க இறக்கையைத் தரையில் உரசும்படி தாழ்த்திக்கொண்டு பக்கவாட்டில் அரைவட்டம் அடிக்கும். தலையைத் தாழ்த்திக் கழுத்து இறகுகளைக் குடைபோல விரிக்கும். இரை எதுவும் இல்லாத இடத்தில் தரையைக் கொத்துவதுபோல் பாவனை செய்துகொண்டே ஓரக்கண்ணால் நம்மைப் பார்க்கும். இந்த நிலையில் ஓடினால் வென்றுவிட்டதாக அது எடுத்துக்கொள்ளும். உதைத்தால் சண்டைக்கு ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளும். உதை வாங்கிய சேவல் அடங்குவதைவிட, மறுநாள் பின்பக்கமாக வந்து அடிப்பதையே நான் அதிகம் கண்டிருக்கிறேன். நின்ற இடத்திலேயே நேராக நின்று, முகத்தைத் திருப்பாமல், மெதுவாக ஓரடி முன்னால் வைக்க வேண்டும். கையில் ஒரு முறமோ வாளியோ இருந்தால் அதை இருவருக்கும் நடுவில் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் அதைத் தடுப்பாகப் பயன்படுத்த வேண்டுமே தவிர, அதனால் அடிக்கக் கூடாது. சேவல் பார்வையை விலக்கிக்கொண்டு வேறு பக்கம் மேயப் போகும் வரை நாம் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது.

இளஞ்சேவலாக இருந்தால் இன்னொரு வழியும் நல்ல பலன் தருகிறது. அதைப் பிடித்து, இரு இறக்கைகளும் உடலோடு ஒட்டும்படி கக்கத்தில் அணைத்துக்கொண்டு, மற்றக் கையால் கால்களைச் சேர்த்துப் பிடித்தபடி, கொல்லை வேலைகளைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிடம் சுமந்து திரிய வேண்டும். துள்ளல் நின்று கழுத்துத் தளர்ந்த பிறகே கீழே விட வேண்டும். துள்ளும்போது விட்டால் துள்ளினால் விடுதலை என்பதையே அது கற்கும். இதை நாள் தவறாமல் இரண்டு மூன்று வாரம் செய்ய வேண்டும். இதனோடு, பெட்டைகளைப் பிடிக்கும் வேலைகளை எல்லாம் இருட்டிய பிறகு, அவை அடைந்து அமைதியாக இருக்கும் நேரத்துக்கு மாற்றிவிட வேண்டும். ஒரு சேவலுக்கு எட்டு முதல் பத்துப் பெட்டை என்ற கணக்கையும் மறக்கக் கூடாது. நான்கு பெட்டைகளுக்கு மூன்று சேவல் இருக்கும் கொல்லையில் எந்தப் பயிற்சியும் எடுபடாது. பெட்டைகளின் முதுகு இறகு உதிர்வதே அங்கு முதலில் தெரியும் அடையாளம்.

காலின் பின்புறத்து முள்ளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மேலே நகம்போன்ற உறை இருந்தாலும் அதன் நடுவில் எலும்பும் குருதியோட்டமும் உண்டு. ஆகவே அடியோடு வெட்டுவது கொடுமை. கூரான நுனியை மட்டும் சிறு அரத்தால் தேய்த்து மழுக்கினால் போதும். முள் குத்திய காயத்தை ஓடும் நீரில் சோப்பு போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். காயம் மண்ணும் எச்சமும் பட்ட ஆழமான துளையாக இருப்பதால் ரணஜன்னி ஊசி போட்ட காலத்தை மருத்துவரிடம் சொல்லி, தேவையானால் போட்டுக்கொள்ள வேண்டும். பலர் அஞ்சுவதுபோலக் கோழியிடமிருந்து வெறிநாய்க்கடி நோய் வருவதில்லை. அது பாலூட்டிகளால் பரவும் நோய்.

வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் மட்டும் என் அளவுகோல் வேறு. நமக்கு முழங்கால் உயரத்தில் விழும் அடி, மூன்று வயதுக் குழந்தைக்கு முகத்தில் விழும். கண் போனால் திரும்பாது. குழந்தை மேல் ஒருமுறை பாய்ந்த சேவலை அன்றே பஞ்சாரத்தில் கவிழ்த்துவிட்டு, அதன் முடிவை யோசிக்கத் தொடங்க வேண்டும். அதனோடு கூடிய பெட்டைகளின் முட்டைகளை அடைவைக்கவும் கூடாது, ஏனெனில் முரட்டுக்குணம் வாரிசுகளுக்கும் இறங்கக்கூடும். சேவல்கட்டுக்காரரிடம் விற்பதையும் நான் வழியாகக் கருதவில்லை. வேடிக்கைக்காக விலங்குகளைச் சண்டையிடத் தூண்டுவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதே சட்டம் உணவுக்காக அறுப்பதை ஏற்றுக்கொண்டாலும், அதில் தேவையற்ற துன்பம் இருக்கக் கூடாது என்கிறது.

அறுப்பதற்கு முன்

நோயுற்ற கோழியை அறுக்கவே கூடாது. கழுத்து முறுக்கிக்கொள்வது, பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிவது, கொண்டையும் தாடியும் நீலம் பாரித்து வீங்குவது, கூட்டத்தில் பல கோழிகள் திடீரென்று சாவது ஆகியவை ராணிக்கெட் என்னும் கோழிக்கழிச்சலின் அறிகுறிகளாகவோ, 2006-இல் மகாராட்டிரத்தின் நவாப்பூர் பகுதியில் இந்தியாவில் முதன்முறையாகக் கண்டறியப்பட்ட பறவைக் காய்ச்சலின் அறிகுறிகளாகவோ இருக்கலாம். அப்போது கையை வைக்காமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்ல வேண்டும். எதிருயிரி (ஆன்டிபயாட்டிக்) மருந்தோ குடற்புழு மருந்தோ கொடுத்திருந்தால், மருந்துப் பெட்டியில் இறைச்சிக்குக் குறிக்கப்பட்டுள்ள காத்திருப்பு நாள்கள் முடிய வேண்டும்.

முதல் நாள் இரவே தீனியை நிறுத்தித் தண்ணீரை மட்டும் வைக்க வேண்டும். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் தீனி இல்லாதிருந்தால் குடலும் இரைப்பையும் காலியாகி, சுத்தம் செய்யும்போது கழிவு சிதறி இறைச்சி கெடுவது குறையும். விடியற்காலையில், சேவல் இன்னும் அடைந்திருக்கும்போதே அரவமின்றி எடுத்தால் துரத்த வேண்டிய தேவை இருக்காது. துரத்தி இளைக்கவைத்து அறுத்த கறியும் இறுகலாகவே இருக்கும். காலைக் கட்டித் தலைகீழாகத் தூக்கிச் செல்லும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மார்போடு அணைத்து எடுத்துச் செல்லுங்கள். மற்றக் கோழிகளின் பார்வையில் படாத இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

அறுக்கும் முறை

பழைய சாக்கு ஒன்றின் மூலையைத் தலை மட்டும் நுழையும் அளவுக்கு அறுத்துவிட்டு, சேவலைத் தலைகீழாக அதற்குள் இறக்கி ஒரு கிளையில் தொங்கவிட்டால், இறக்கை அடித்து எலும்பு முறியாமலும் முள் நம் கையைக் கிழிக்காமலும் இருக்கும். இருட்டும் இறுக்கமும் சேவலையும் அமைதிப்படுத்தும். கத்தி எவ்வளவு கூர்மையோ அவ்வளவு இரக்கம். தாடைக்குச் சற்றுக் கீழே, கழுத்தின் இரு பக்கத்துப் பெரிய குருதிக்குழாய்களும் ஒருசேர அறுபடும்படி ஒரே இழுப்பில் ஆழமாக அறுக்க வேண்டும். தயங்கித் தயங்கி அறுப்பதுதான் வதை. கை நடுங்குகிறவர் முதன்முறை அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதே முறை. முஸ்லிம் வீடுகளில் இறைப்பெயர் சொல்லி அறுக்கும் முறையிலும் கூரிய கத்தி, விரைந்த வெட்டு, முழுக்கக் குருதி வடிதல் என்ற மூன்றும் வலியுறுத்தப்படுகின்றன.

குருதி வடிய இரண்டு மூன்று நிமிடம் ஆகும். நினைவு தப்பிய பிறகும் உடல் சிறிது நேரம் துடிக்கும். விழியை விரலால் தொட்டால் இமை அசையவில்லை, மூச்சும் இல்லை என்று உறுதியான பிறகே வெந்நீர்ப் பக்கம் கொண்டுபோக வேண்டும். இந்த ஒரு சோதனையை அவசரத்தில் ஒருபோதும் விட்டுவிடக் கூடாது.

இறகு நீக்க, நீர் 60 முதல் 65 பாகை செல்சியஸ் சூட்டில் இருக்க வேண்டும். வெப்பமானி இல்லாத வீட்டில், தளதளவென்று கொதித்த நீரும் நம் ஊர்க் குழாய் நீரும் சம அளவு கலந்தால் ஏறத்தாழ அந்தச் சூடு வந்துவிடும். காலைப் பிடித்துக்கொண்டு முழுவதும் அமிழ்த்தி, இறகுகளின் அடிவரை நீர் ஏறும்படி மேலும் கீழும் அசைத்து, முக்கால் நிமிடம் கழித்து இறக்கையின் பெரிய இறகு ஒன்றை இழுத்துப் பாருங்கள். எளிதில் வந்தால் போதும். கொதிநீரில் அப்படியே போட்டால் தோல் வெந்து இறகோடு கிழிந்து வரும். இறக்கை, வால் இறகுகளைச் சூடு ஆறுமுன் முதலில் பிடுங்க வேண்டும், ஆறினால் அவை இறுகிவிடும். பிறகு காய்ந்த தென்னோலைத் தீயிலோ அடுப்புச் சுடரிலோ வாட்டினால் பூ மயிர் பொசுங்கி, நாட்டுக்கோழிக்கே உரிய மணம் தோலில் ஏறும். மஞ்சள் பூசித் தேய்த்துக் கழுவும் நம் வழக்கம் நல்லதுதான். ஆனால் மஞ்சள் எல்லாக் கிருமியையும் கொன்றுவிடும் என்று நம்பிக் கழுவுவதைச் சுருக்கக் கூடாது.

குடல் எடுப்பதில்தான் பொறுமை தேவை. கால்களை மூட்டில் அறுத்து, தலையையும் நீக்கி, வாலின் மேற்புறம் உள்ள மஞ்சள் நிற எண்ணெய்ச் சுரப்பியைச் சதையோடு சீவி எறிய வேண்டும். அது இருந்தால் குழம்பில் ஒரு மொச்சை நாற்றம் அடிக்கும். கழுத்துத் தோலைக் கீறி, மூச்சுக்குழலையும் உணவுக்குழலோடு ஒட்டிய இரைப்பையையும் விரலால் தளர்த்திவிட வேண்டும். பின்னர் நெஞ்செலும்பு முடியும் இடத்துக்கும் கழிவாய்க்கும் நடுவில், தோல் மட்டும் அறுபடும் ஆழத்தில் குறுக்கே கீறி, கையை மேற்புறமாக உள்ளே செலுத்தி, கெட்டியாகக் கையில் படும் அரைவைப்பையைப் பற்றி மெல்ல இழுத்தால் குடல் முழுவதும் கூடவே வரும். கழிவாயைச் சுற்றி வட்டமாக அறுத்து எல்லாவற்றையும் ஒன்றாக நீக்கலாம்.

ஈரலோடு ஒட்டியிருக்கும் பச்சைநிறப் பித்தப்பையை, ஈரலில் சிறு துண்டு போனாலும் பரவாயில்லை என்று தள்ளி அறுக்க வேண்டும். அது உடைந்தால் பட்ட இடமெல்லாம் கசக்கும். அப்போது ஈரலை நன்றாகப் பாருங்கள். பளபளப்பான செம்பழுப்பு நிறம் நலத்தின் அடையாளம். வெண்புள்ளிகளோ, சீழ்க்கட்டிகளோ, துர்நாற்றமோ இருந்தால் அந்தக் கோழி முழுவதையும் புதைத்துவிட வேண்டும். செலவிட்ட உழைப்பை எண்ணி மனம் இளகக் கூடாது. அரைவைப்பையைப் பிளந்து மணலைக் கழுவி, உள்ளே இருக்கும் மஞ்சள் தோலை உரித்தால் அதுவும் உணவாகும். விலா எலும்பில் ஒட்டிய நுரையீரலை விரலால் சுரண்டி எடுத்துவிட்டு, உள்ளேயும் வெளியேயும் சுத்தமான நீரில் கழுவ வேண்டும். கத்தி, அரிவாள்மணை, பலகை, கை எல்லாவற்றையும் சோப்பு போட்டுக் கழுவாமல் காய்கறிப் பக்கம் போகக் கூடாது.

சேவல் இறந்து சிறிது நேரத்திலேயே தசை விறைக்கத் தொடங்கும். விறைத்த நிலையில் சமைத்தால் எவ்வளவு வெந்தாலும் நார்போல இருக்கும். ஆகவே ஒன்று, உடனே துண்டு போட்டு அடுப்பில் ஏற்ற வேண்டும். அல்லது மூடிய பாத்திரத்தில் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில், 4 பாகைக்கும் குறைவான குளிரில், ஒரு நாள் வைத்து விறைப்பு நீங்கிய பிறகு சமைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் வெளியே கிடக்க விடுவது நம் வெயிலுக்கு ஆகாது. ஓராண்டு கடந்த சேவலின் கறிக்கு நிதானமான தீயும் நிறைய நேரமும் வேண்டும். மிளகும் சின்ன வெங்காயமும் அரைத்துவிட்ட குழம்பாக வைப்பதே அதற்குப் பொருத்தம்.

இறகையும் குடலையும் வாய்க்காலிலோ தெருவோரத்திலோ போடாதீர்கள். தெருநாய்கள் கூடும், நோய் பரவும். கிணற்றுக்குத் தள்ளி, இரண்டு முழ ஆழத்துக்குக் குறையாமல் குழி எடுத்து, கழிவைப் போட்டுச் சுண்ணாம்பு தூவி, மண்ணை மிதித்து இறுக்கி, மேலே ஒரு கல்லை வைத்துவிடுங்கள்.