கற்பனை நாட்டு வரைபடத்தைச் சுவரளவில் அச்சிடுவதற்கான ஆயத்தம்

கையால் வரைந்த கற்பனை நாட்டு வரைபடத்தைச் சுவரில் மாட்டும் அளவுக்கு அச்சிட விரும்புவோர், பேனாவைத் தொடுமுன்பே இறுதித் தாளின் அளவைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். ஏ4 தாளில் வரைந்ததை ஏ1 அளவுக்குப் பெருப்பித்தால் நீளமும் அகலமும் ஏறத்தாழ 2.8 மடங்காகும். கோட்டின் நடுக்கமும் அதே அளவுக்குப் பெருக்கும். ஆகவே இயன்றவரை ஏ3 தாளில் வரைவதே நல்லது.

என் நாட்டின் கரையோரத்துக்குத் திருகோணமலையையே மாதிரியாகக் கொண்டேன். கொட்டியாரக் குடாவின் அகன்ற வளைவைப் பெருப்பிப்பதில் எவ்விதச் சிக்கலும் எழவில்லை. உட்துறைமுகத்தைப் பார்த்து வரைந்த பகுதியில்தான், நெருங்கிக் கிடந்த சிறு குடாக்களின் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, நீர் எது நிலம் எது என்று தெரியாமற் போயிற்று. அத்தகைய இடங்களில் இரண்டு வளைவுகளை ஒன்றாக்கி, கோடுகளுக்கிடையே தாராளமாக வெள்ளை விடுவது அவசியம். கற்பனை நாடு என்பதால் அந்த உரிமை நமக்கு முழுமையாக உண்டு.

பென்சில் கோடுகளை முற்றாக அழித்தபின் ஸ்கேன் செய்யுங்கள். கைப்பேசியால் எடுத்த படத்தில் ஓரங்கள் வளைவதோடு வெளிச்சமும் சீராக இராது. ஏ1 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற செறிவில் அச்சிட 7016 × 9933 புள்ளிகள் தேவை. ஆனால் ஒரு மீற்றர் தள்ளி நின்று பார்க்கும் சுவர்ப்படத்துக்கு 200 புள்ளிச் செறிவே போதுமானது என்பதால், ஏ4 மூலத்தை 600 இலும் ஏ3 மூலத்தை 400 இலும் ஸ்கேன் செய்தால் தெளிவு கெடாது. கோப்பை ஜேபெக் ஆகத் திரும்பத் திரும்பச் சேமித்தால் கோட்டோரங்களில் அழுக்குப் போன்ற படிவு தோன்றும். பிஎன்ஜி அல்லது டிஃப் வடிவில் வைத்திருங்கள். அடர்ந்த கறுப்புக் கோடுகளை இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் திசையன் வடிவுக்கு (புள்ளிகளாக அன்றி, கணக்கிட்ட கோடுகளாகச் சேமிக்கும் வடிவுக்கு) மாற்றிவிட்டால், பிறகு எந்த அளவுக்குப் பெருப்பித்தாலும் அவை மங்குவதில்லை.

ஊர்ப்பெயர்களைக் கையால் எழுதாமல் கணினியில் இடுவதே என் பரிந்துரை. தமிழெழுத்தின் சுழிகள் சிறிய அளவில் மையால் அடைபட்டுவிடும். ‘நீலக்கூடல்’ என்ற பெயரிலுள்ள ‘கூ’வின் வால் தனியாகத் தெரிய வேண்டுமானால், அச்சில் எழுத்து நான்கு மில்லிமீற்றர் உயரத்துக்குக் குறையக்கூடாது. முதன்முறை நான் பெயர்களை, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்துக் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் இட்டு, கோப்பை அப்படியே அச்சகத்துக்குக் கொண்டு சென்றேன். அங்கிருந்த கணினியில் அந்த எழுத்துரு இல்லாததால் என் நாடு முழுவதும் ஆங்கில எழுத்துகள் நிரம்பின. புள்ளி பெற்ற ஒவ்வொரு மெய்யெழுத்தின் பக்கத்திலும் ஓர் அரைப்புள்ளி நின்றது. ஒருங்குறியில் (யூனிகோடில்) இட்டாலும், கடைசியில் எல்லா எழுத்துகளையும் உருவக்கோடுகளாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவங்களாக மாற்றி பிடிஎஃப் ஆகக் கொடுப்பதே பாதுகாப்பானது. எழுத்துப்பிழை திருத்துவதற்காக மாற்றாத பிரதி ஒன்றையும் பேணுங்கள்.

திரையில் ஒளிரும் கடல்நீலம் அச்சு மையில் மங்கலாகவே வரும். எனவே கடலை வெளிர்நிறமாக்கி, பெயர்களைக் கறுப்பு மையில் மட்டும் அச்சிடச் சொல்லுங்கள். பல மைகள் கலந்த கறுப்பில் சிற்றெழுத்தின் ஓரம் சிதறலாம். பதாகைக்குரிய ஃபிளெக்ஸ் தூரப் பார்வைக்கானது. நுண்கோடுகளுக்குக் கட்டட வரைபடங்கள் அச்சிடும் இடத்துத் தடித்த தாளே பொருத்தம். எங்கள் கடற்காற்றில் தாள் நெளியும் என்பதால் லாமினேற் செய்துகொள்வது நல்லது.

“ஒரு அங்குலம் பத்துக் காதம்” என்று எழுதினால் பெருப்பித்தவுடன் அது பொய்யாகிவிடும். அதற்குப் பதிலாக அளவுகோட்டையே வரைந்து, இறுதி அச்சில் அது சரியாகப் பத்துச் சென்ரிமீற்றர் வருமாறு அமையுங்கள். முழுத்தாளை அச்சிடுமுன், அந்தக் கோடும் மிக நெருக்கமான பகுதியும் அடங்கிய ஒரு துண்டை ஏ4 தாளில் உண்மை அளவிலேயே எடுத்து அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். குறைவாக இருந்தால் ‘தாளுக்கு ஏற்பச் சுருக்கு’ என்ற தெரிவு இயங்குகிறதா என்று பார்த்து, அதை நீக்கியபின் மீண்டும் ஒரு துண்டு எடுங்கள்.